பென்சில் விலை

சட்டையைக் கையில் வாங்கியதும் ஹபீபுன்னிசா முதலில் கழுத்துப் பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். பிறகு கக்கத்துத் தையலை இரண்டு விரலால் இழுப்பார். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திருகுவார். கடைசியில் நெஞ்சுப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக் கறை தேடுவார். கொண்டுவந்த தாய் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரீட்சைத் தாளைத் திருத்தும் டீச்சரைப் பார்ப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கேரட் குடுத்திருக்கீங்க. கேரட் கறை போகாதும்மா. அஞ்சு திர்ஹம்."

"அம்பது திர்ஹத்துக்கு எடுத்ததுக்கா. ரெண்டே தடவைதான் போட்டான்."

"ரெண்டு தடவையும் கேரட்டேதான் தின்னுருக்கான்."

அதோடு பேச்சு முடிந்தது. துப்பட்டாவுக்குள் காதோரம் செருகியிருக்கும் பென்சில் வெளியே வரும். சட்டையின் இடப்பக்கத் தையலுக்குள், துவைக்கும் முறை அச்சடித்த அந்தச் சின்ன வெள்ளைத் துணித்துண்டில், எறும்பு அளவுக்கு ஒரு 5 விழும். எழுதிய பிறகு விலையை மாற்ற மாட்டார். எழுதியதை அழிக்க ரப்பர் வைத்துக்கொள்ளவே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர் வீடு. எதிர்க் கதவு எங்களுடையது. பெரிய பள்ளிவிடுமுறைக்கு முன்னால் ஜூனில் ஒரு முறை, வெயில் தணிந்த பிறகு நவம்பரில் ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவர் ஹாலில் குழந்தைச் சாமான் விற்பனை. சாமான் பிறருடையது, சுத்தம் செய்வதும் விலை போடுவதும் விற்பதும் இவர். விற்ற பத்தில் ஏழு கொடுத்தவருக்கு, மூன்று இவருக்கு. போர்டு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, விளம்பரம் கிடையாது. கேட்டால், "இது யாவாரம் இல்லம்மா, பழக்கம்" என்பார். அந்தப் பழக்கத்துக்காக வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வாசலில் அறுபது ஜோடிச் செருப்பு சேர்ந்துவிடும். வாட்ச்மேனுக்கு ஆண்டுக்கு இரண்டு பொம்மைக் கார் போகிறது. அந்த வாட்ச்மேனுக்குப் பிள்ளைகளே இல்லை என்பது வேறு விஷயம்.

வயது ஐம்பத்து மூன்று. தொண்டிக்காரர். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் விலை ஏறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோருக்கும் அக்கா. இடுப்பில் ஜிப் வைத்த கறுப்புப் பை; குளிக்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ. கையில் எந்த நோட்டைக் கொடுத்தாலும், அது ஐந்து திர்ஹமாகவே இருந்தாலும், தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். இருபது வருஷத்தில் ஒரு கள்ளநோட்டுகூட அகப்படவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கணவர் செய்கு அலாவுதீன் ரோலா மார்க்கெட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நம் ஊர்ப் பெட்டிக்கடை இல்லை, நிஜமாகவே பெட்டி விற்கும் கடை. சூட்கேஸ், டிராலி, கயிறு. இந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் பெட்டியைக் கணவரிடம் வாங்கி, பெட்டியில் அடங்காததை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2009-ல் அப்படிப் போனவர்கள் மிக அதிகம். துபாயில் பாதிக் கட்டடம் நின்றுபோய், கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். அந்த மே மாதம் ஹபீபுன்னிசா வீட்டு ஹாலில் தொட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உத்தரம் வரை நின்றன. சமையலறைக்குப் போக ஸ்ட்ரோலர்களுக்கு நடுவே ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. "அல்லா காப்பாத்தணும், இம்புட்டு நல்ல சாமான் நம்ம வீட்டுக்கு வரக் கூடாது" என்று அவர் கவலைப்பட்டார். கவலைப்பட்டுக்கொண்டே சக்கரங்களைப் பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்.

அந்த வருஷம்தான் ஒரு வங்கிக்காரரின் மனைவி ஆயிரத்து இருநூறு திர்ஹத்துக்கு வாங்கிய ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இவர் நூற்று ஐம்பது என்றார். அவள் அழுதுவிட்டாள். குழந்தை முதன்முதலில் சிரித்ததே இதில்தான் என்றாள். ஹபீபுன்னிசா தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார், "பாசத்துக்கு நான் வெல போடுறதில்லம்மா, சக்கரத்துக்குத்தான்" என்று சொல்லி நூற்று ஐம்பதையே எழுதினார். அவள் போனபிறகு வெகுநேரம் அந்த ஸ்ட்ரோலரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் விலை கூடவில்லை.

அவர் சுத்தம் செய்யும் முறையைச் சொன்னால் ஆஸ்பத்திரிகள் வெட்கப்படும். துணிகளுக்கு இரண்டு முறை துவையல், ஒரு முறை டெட்டால், பிறகு பால்கனிக் கயிறு. எந்தக் கறையையும் முதலில் வினிகர் போட்டு, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் காயப் போட்டுவிடுவார். இந்த ஊரில் காசில்லாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதான், அதை வீணாக்கலாமா என்று கேட்பார். பிளாஸ்டிக் பொம்மைகள் வேறு கதை. அவர் வீட்டில் இரண்டு பெரிய சட்டிகள் உண்டு. ஒன்று பிரியாணிக்கு, இன்னொன்று பொம்மை அவிப்பதற்கு. ஒருநாளும் மாறியதில்லை என்கிறார். அவர் வீட்டுப் பிரியாணியை விட மனமில்லாத நாங்கள் அதை நம்புகிறோம்.

விலையைப் பென்சிலால் உள்ளே எழுதுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் எல்லோரையும்போல அட்டைச் சீட்டுதான் தொங்கவிட்டிருக்கிறார். சில நல்ல குடும்பத்துப் பெண்கள், ஐந்து திர்ஹம் சீட்டைக் கழற்றி இருபது திர்ஹம் கவுனில் மாட்டிக்கொண்டு வந்து, பணிவாக நீட்டியிருக்கிறார்கள். அவர் யாரையும் பிடிக்கவில்லை, கத்தவில்லை. அடுத்த விற்பனையிலிருந்து பென்சிலுக்கு மாறிவிட்டார். இஸ்திரி போடுவது, காதோரம் கையை விடுவது, எழுதுவது, மடிப்பது எல்லாம் ஒரே வீச்சில் நடக்கும். பேசிக்கொண்டே எழுதுவார், போனில் சண்டை போட்டுக்கொண்டே எழுதுவார். அவர் மனசு தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தாலும் கை விலை போட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் ஹபீபுன்னிசாவின் புகழ் தொட்டிலாலும் ஸ்ட்ரோலராலும் வந்ததல்ல. ராசிச் சட்டையால் வந்தது.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கமும் அவர்கள் தொண்டிப் பக்கமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று. பிறந்த குழந்தையின் மேல் முதலில் படும் சட்டை புதுசாக இருக்கக் கூடாது. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையைத்தான் போட வேண்டும். ஊரில் என்றால் சித்தி வீடு, எதிர் வீடு என்று கேட்டு வாங்கிவிடலாம். ரோலாவில் எதிர் வீட்டில் எகிப்துக்காரர் இருந்தால் போய் என்னவென்று கேட்பது? அதனால் எட்டு மாத வயிற்றோடு அபுதாபியிலிருந்தெல்லாம் பெண்கள் ஹபீபுன்னிசாவைத் தேடி வந்தார்கள்.

ராசிச் சட்டைகள் ஹாலில் தொங்காது. பீரோவில் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விரித்து, அதை அணிந்த குழந்தையின் சரித்திரத்தைச் சொல்வார். "இது மஜாஸ் எஞ்சினியர் வீட்டுப் புள்ள. ஒம்போது மாசத்துல நடந்துருச்சு. ஊசி போட்டாக்கூட அழாது, நர்ஸத்தான் மொறைக்கும்." இது இருபத்தைந்து திர்ஹம். "இது நல்ல புள்ளதான், ஆனா ரெண்டு தடவ சளி பிடிச்சுது, மறைக்க மாட்டேன்." இது பதினெட்டு. கடையில் புதுச் சட்டை பதினைந்துக்குக் கிடைக்கும் ஊரில் பழைய சட்டையை இருபத்தைந்துக்கு விற்பவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இப்படி வாங்கிய சட்டையை அணிந்த பையன் பிற்பாடு பத்தாம் வகுப்பில் தோற்று, தாய் வந்து வருத்தப்பட்டபோது, "நான் ஒடம்புக்குத்தான் சொன்னேன், படிப்புக்குச் சொல்லலையே" என்று பதில் வந்தது.

ராசிச் சட்டைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பேரம் கூடாது. இனாமும் கூடாது. "சும்மா குடுத்தா ராசி குடுத்தவக வீட்டுலயே நின்னுக்கிடும். பெத்தவ கையால காசு விழணும். மிச்சத்த நான் அவ கையில எண்ணி வைக்கணும். அப்பத்தான் முடிஞ்சுது, கலாஸ்." நானும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ஏப்ரல் கடைசியில் என் மகன் பிறந்தபோது மஜாஸ் எஞ்சினியர் வீட்டுச் சட்டையைத்தான் போட்டேன். முப்பது திர்ஹம் கொடுத்து ஐந்து திர்ஹம் மிச்சம் வாங்கிக்கொண்டேன். பையன் நன்றாக உப்பினான். அன்றிலிருந்து அவர் என் மகனைப் பார்க்கும் பார்வையே வேறு. குழந்தையைக் கொஞ்சுகிறாரா, சரக்கைப் பார்வையிடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

விற்காமல் மிஞ்சிய துணிகளைச் சொந்தக்காரர்கள் மூன்று நாளில் எடுத்துப் போக வேண்டும். யாரும் எடுப்பதில்லை. அவை துபாய் சோனாப்பூருக்குப் போகின்றன. தொழிலாளர் கேம்ப்பில் குழந்தைகள் ஏது என்று நானும் கேட்டேன். சிவகங்கைப் பக்கத்துப் பழனிச்சாமி, இரும்பு கட்டுகிறவர், விற்பனை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறி வருவார். அவர் ரூமிலும் பக்கத்து ரூம்களிலும் லீவில் ஊருக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு வயசு எழுதிய காகிதம் கையில் இருக்கும். அந்தத் துணிகளில் மட்டும் பென்சில் விலை விழுந்த துண்டை ஒட்டக் கத்தரித்துவிட்டு, ஹபீபுன்னிசா இன்னொரு முறை இஸ்திரி போடுவார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறப்பார். அதில் பெரிய பெரிய கடைகளின் சட்டைச் சீட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை. சட்டைக்குப் பொருத்தமான சீட்டாகத் தேடி எடுத்து, கடைக்காரர்கள் வைத்திருக்கும் டேக் துப்பாக்கியால் 'டக்' என்று அடித்துவிடுவார். எந்தச் சட்டையும் அந்த நிமிஷத்தில் புதுசாகிவிடும். பழனிச்சாமியின் காகிதத்துக்குக் காசு வாங்க மாட்டார்.

"பொய்தானேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய்தான். மூணு வருசம் கழிச்சுப் புள்ள மூஞ்சியப் பாக்கப் போறவன் பழசத் தூக்கிட்டா போவான்? சீட்ட அறுக்குறதுலதான் புள்ளைக்குச் சந்தோசமே."

பக்கத்தில் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்த பழனிச்சாமி சொன்னார்: "என் மக அந்தச் சீட்டப் பள்ளிக்கூடத்துல நோட்டுக்குள்ள வச்சிருக்காம்மா."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் ரம்ஸியா மருமகளாக வந்தாள். மகன் ராஜிக்குக்குச் சவூதியில், யான்பு ரிஃபைனரியில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். ரம்ஸியா ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். அவளைத் தேர்ந்தெடுத்ததே ஹபீபுன்னிசாதான். அவள் வாப்பா மளிகைக் கடையில் கணக்கெழுதிய ஏழை மனிதர், ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் சட்டை இந்த ஹாலிலிருந்துதான் போகும். "நான் வித்த கவுன அந்தப் புள்ள மூணு வருசம் கிழியாமப் போட்டு, அவ தங்கச்சிக்கும் போட்டு, திரும்ப என்கிட்டயே விக்கக் குடுத்தாக. ஒரு பொத்தான் போகல. அன்னைக்கே நெனச்சேன், இவதான் நம்ம ராஜிக்குக்குன்னு." இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். மருமகளைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, அவளை வைத்துக்கொண்டே சொல்வார். ரம்ஸியா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

அவளுக்கு எட்டாம் மாதம், எனக்குக் கைக்குழந்தை. ஒருநாள் மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் சொன்னாள். நாலாம் வகுப்பில் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருக்கிறாள். நீலா என்று ஒரு சக மாணவி, "இது என் கவுன்" என்றாளாம். இல்லை என்று இவள் சாதித்தாள். நீலா விடாமல், எல்லோர் முன்னாலும் இடுப்புப் பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பென்சிலில் 12 என்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவள் பெயர் 'ட்வெல்வ் திர்ஹம்ஸ்'.

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. சொன்னா அழுதுடுவாங்க. பட், என் பேபிக்கு எல்லாமே புதுசு. ஃபர்ஸ்ட் டிரெஸ் எஸ்பெஷலி. டேக்கை நானே கட் பண்ணணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

கடையில் போய் எழுபத்தொன்பது திர்ஹத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலம், மூன்று பிரஸ் பட்டன், நெஞ்சில் மஞ்சள் வாத்து. சீட்டோடு ஆஸ்பத்திரிப் பையில் மேலாக வைத்தாள். மாமியாரிடமும் சொல்லிவிட்டாள்: "மாமி, பழசு வேணாம். ப்ளீஸ். டேக் நான்தான் கட் பண்ணுவேன்." காரணம் சொல்லவில்லை.

ஹபீபுன்னிசா தலையாட்டினார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஜூன் விற்பனையில் ஒரு பெண் ராசிச் சட்டை வாங்கிக்கொண்டே, "உங்க வீட்டுக்கு எந்தப் புள்ள சட்டக்கா எடுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் பழசைப் போடச் சொன்னவர் வீட்டில் புதுசு என்று தெரிந்தால் பீரோவை இழுத்து மூட வேண்டியதுதான். அவர் அந்தக் கேள்விக்கு, "எல்லாம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோட்டை வெளிச்சத்தில் பார்க்காமல் பைக்குள் போட்டார்.

விற்பனை முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். ரம்ஸியா செக்கப்புக்குப் போன காலை வேளையில் என் கதவைத் தட்டினார். கையில் வாத்துச் சட்டை. சீட்டைக் காணோம்.

"ஒம் மகனுக்கு இதப் போட்டுவிடு அகிலா. ஒரு மணி நேரம் போதும்."

எனக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. பழசைப் புதுசாக்கியே பேர் வாங்கியவர், இருபது வருஷத்தில் முதல்முறையாகப் புதுசைப் பழசாக்க வந்திருக்கிறார்.

"யாவாரத்துக்காகவாக்கா?" என்று சீண்டினேன்.

"யாவாரம் கெடக்கட்டும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பயமா இருக்கு புள்ள. நாளைக்கு அந்தச் சிசுவுக்கு ஒரு காச்சல் வந்துச்சுன்னா எனக்கு டாக்டர் ஞாபகமா வரும்? இந்தப் புதுச் சட்டதான் ஞாபகம் வரும். மூட நம்பிக்கைன்னு ராஜிக் சொல்றான். இருக்கட்டும். நம்பிக்கதான. அவளையும் நோகடிக்க முடியல. பெத்துக்கப்போறவ ஒரே ஒரு ஆசப்பட்டுக் கேக்குறா."

எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். எந்தப் பக்கத்தையும் மறுபக்கத்திடம் சொல்ல முடியாது. அதனால் என் மகனின் சட்டையைக் கழற்றினேன். அவனுக்கு அப்போது ஒன்றரை மாதம், அந்தச் சட்டைக்கு ஏற்கனவே பெரியவன். வாத்து அவன் நெஞ்சில் இறுகி உட்கார்ந்தது. ஹபீபுன்னிசா எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிஷத்தில் பையன் குடித்த பாலில் பாதியை வாத்தின் தலைமேல் கக்கினான். நான் பதறிப்போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லா! இப்பத்தான் பழசாச்சு."

மீதி வேலை அவர் வீட்டில் நடந்தது. துவையல், வினிகர், பால்கனி வெயில், இஸ்திரி, துப்பாக்கி. மத்தியானம் ரம்ஸியா திரும்பி வருவதற்குள் சட்டை சீட்டோடு பையில் பழைய இடத்தில் இருந்தது. சாயந்திரம் நான் சும்மா எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கடையில் தொங்கியபோதுகூட அது அவ்வளவு புதுசாக இருந்திருக்காது.

"எல்லாம் சரிதானேக்கா?" என்று காதோடு கேட்டேன்.

"எல்லாம் சரி. காசு ஒண்ணுதான் விழல. பெத்தவ கையால விழணும்ல? அவகிட்ட எப்படிக் கேப்பேன்?" என்று உதட்டைப் பிதுக்கினார். "பரவால்ல. முக்கால்வாசி ராசியாவது வரட்டும்."

ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை ஏழு மணிக்கு ரம்ஸியாவுக்கு வலி எடுத்தது. ராஜிக் யான்புவில், செய்கு அலாவுதீன் சரக்கு எடுக்க அஜ்மானில். ஐந்தாவது டெஸ்ட்டில் தேறிய என் லைசென்ஸ் அன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது. குழந்தையைக் கணவர் சரவணகுமாரிடம் விட்டுவிட்டு இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பின்சீட்டில் ஹபீபுன்னிசா ஒரு கையால் மருமகளின் முதுகையும் இன்னொரு கையால் அந்தப் பையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு. ஆஸ்பத்திரித் துணியில் சுற்றியிருந்த குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு வந்த மலையாள நர்ஸ், "டிரெஸ் எடுங்க" என்றாள். ரம்ஸியா களைப்போடு எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து சட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். ரம்ஸியா நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாள். சீட்டைப் பிடித்து, ஒரு நிமிஷம் அதைப் பார்த்து, 'டிக்' என்று அறுத்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமியார் கட்டிலின் கால்மாட்டில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

சட்டையைக் குழந்தையின் தலைவழியே போடுவதற்காக ரம்ஸியா கீழ் விளிம்பைச் சுருட்டினாள். அப்போது இடப்பக்கத் தையல் வெளியே திரும்பியது. அந்தச் சின்ன வெள்ளைத் துணித்துண்டில், எறும்பு அளவுக்கு, பென்சிலில் ஒரு 8.

இஸ்திரி, காதோரம், எழுத்து, மடிப்பு. மனசு எங்கே இருந்ததோ, கை தன் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது.

ரம்ஸியா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மாமியார் செய்வதுபோலவே நெஞ்சுப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். வாத்தின் தலைக்குப் பக்கத்தில், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் அளவுக்கு, ஒரு மங்கல் மஞ்சள் இருந்தது.

"எந்தக் குழந்தை மாமி?" என்றாள்.

ஹபீபுன்னிசாவின் சிரிப்பு மறைந்துவிட்டது. பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அகிலா மகன். ஒரு மணி நேரம்தான். அதுகூட இல்ல, நாப்பது நிமிசம். நீ ஆசப்பட்டபடி சீட்டு இருக்கட்டும்னு நெனச்சேன்மா. எழுதுனது... அல்லா சத்தியமா நான் எழுதுனதே எனக்குத் தெரியாது."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. ரம்ஸியா இன்னும் அந்த எட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"நானே பன்னெண்டு திர்ஹம் மாமி" என்றாள். "என் மக எட்டுதானா?"

மாமியாருக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கு மட்டும், தொழிலில் இத்தனை வருஷம் நின்றவராக, உண்மையைச் சொன்னார்: "எட்டுக்கு மேல போகாதும்மா. பால் கறை இருக்கு. ராசிக்குன்னு தனியா போடலாம்தான், வீட்டுப் புள்ளகிட்ட ராசிக்குக் காசு வாங்குவேனா? அது துணிக்கு மட்டும்."

ரம்ஸியா சிரித்தாள். பிரசவத் தையலை இழுத்துவிடுமே என்று நர்ஸ் அதட்டும்வரை சிரித்தாள். பிறகு எட்டு தெரியாதபடி விளிம்பைச் சரியாகத் திருப்பி, அழுகிற குழந்தைக்குச் சட்டையைப் போட்டாள். மூன்று பட்டனையும் அழுத்தினாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"அகிலாக்கா, என் பர்ஸ எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு பத்து திர்ஹம் நோட்டை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.

ஹபீபுன்னிசா நோட்டை வாங்கினார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருக்க, அதைத் தூக்கி ஆஸ்பத்திரி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே போட்டார். பிறகு பையின் அடியில் துழாவி இரண்டு ஒரு திர்ஹம் காசுகளை எடுத்து, மருமகளின் கையைப் பிடித்து விரித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்தார்.